கொடி விழவில்லையா? செங்கல்லைக் கட்டாதீர்கள்

"சார், நேத்து மத்தியானமே கன்னு போட்டுடுச்சு, கொடி இன்னும் தொங்குது." கால்நடை மருத்துவர்களுக்கு அடிக்கடி வரும் போன் இது. போய்ப் பார்த்தால் சில தொழுவங்களில் கொடியின் (நஞ்சுக்கொடியின்) நுனியில் பழைய செருப்போ செங்கல்லோ கட்டியிருக்கும். பாரம் இழுத்தால் விழுந்துவிடும் என்ற நம்பிக்கை. விழாது.

பசுவின் கருப்பைச் சுவரில் 70 முதல் 120 குமிழ்கள் வரை இருக்கும். கொடியிலுள்ள திரட்சிகள் அவற்றின் மேல் சட்டைப் பொத்தான் போட்ட மாதிரி மாட்டிக்கொண்டிருக்கும். உள்ளிருந்து தளராமல் வெளியிலிருந்து இழுத்தால் கருப்பைதான் கிழியும். ரத்தம் கசியும், கிருமி ஏறும்.

சரி, அது எப்படித் தளர்கிறது? கொடி பசுவின் உறுப்பு இல்லை, கன்றின் உறுப்பு. அதன் மரபணுக்களில் பாதி காளையுடையது. அப்படியானால் பசுவின் உடலுக்கு அது பாதி அந்நியம்தானே, ஒன்பது மாதம் எப்படி விட்டுவைக்கிறது? 'நான் யார்' என்று காட்டும் எம்.எச்.சி. புரதங்களைக் கொடியின் செல்கள் சினைக்காலத்தின் பெரும்பகுதியிலும் வெளியே காட்டுவதில்லை. கடைசிக் கட்டத்தில்தான் ஒரு பகுதிச் செல்கள் காட்டத் தொடங்கும். தாயின் வெள்ளையணுக்கள் 'இது நம்முடையது இல்லையே' என்று கண்டுகொண்டு வருவதும், பிணைப்பு தளர்வதும் அதன் பிறகுதான்.

ஹார்மோன் பக்கமும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட 16, 17ஆம் நாள் வாக்கில் கருவின் வெளியுறை இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, சினைப்பையின் மஞ்சள் திரட்சி கரையாமல் காக்கிறது. அதிலிருந்து வரும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன்தான் சினையைத் தக்கவைக்கிறது. (வெள்ளாட்டுக்குக் கடைசி நாள் வரை அந்தத் திரட்சியே கதி. சினையா என்று பார்க்காமல் பருவத்துக்கு வரவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியைப் போட்டால், எந்த மாதமானாலும் குட்டி கலைந்துவிடும்.) முடிவில் நாள் குறிப்பதும் கன்றுதான். அதன் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலைக் கூட்டும்போது, கொடி புரோஜெஸ்டிரானை ஈஸ்ட்ரோஜனாக மாற்றத் தொடங்குகிறது. கொடியைப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் கரைய ஆரம்பிக்கிறது. மாதம் நிறையாமல் ஈன்றாலோ, இரட்டைக் கன்று என்றாலோ, ஊசி போட்டு ஈன வைத்தாலோ இந்த வேலை பாதியில் நிற்கும். கொடி தங்கும்.

கொடி தங்கிய மாடுகள் சிலவற்றின் வெள்ளையணுக்கள் ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பே மந்தமாக இருந்ததை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதனால் ஈன்ற அன்று என்ன செய்தோம் என்பதைவிட, பால் வற்றவிட்ட இரண்டு மாதத்தில் என்ன தீனி போட்டோம் என்று கேட்பதே பொருத்தம். செலினியமும் வைட்டமின் ஈயும் குறைந்த மாடுகளில் இது அதிகம். தாது உப்புக் கலவையை நிறுத்திச் சிக்கனம் பார்ப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

இன்னொன்று, காளை. தாய்க்கும் கன்றுக்கும் எம்.எச்.சி. ஒத்துப்போனால் கொடி தங்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்நியம் என்று அடையாளம் காண எதுவும் இல்லையே! ஊர்க் காளையை அதன் மகளுக்கே விடுவதற்கு எதிராக இதுவும் ஒரு காரணம். சினை ஊசிக் குச்சியில் காளையின் எண் அச்சிட்டிருக்கும், கேட்டுக் குறித்து வையுங்கள்.

12 மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கையை விட்டுப் பிய்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். காய்ச்சல் இல்லாமல் தீனி எடுக்கும் மாட்டுக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை, சில நாளில் தானே கழன்றுவிடும். காய்ச்சல் 103 டிகிரிக்கு மேல் போனாலோ, நாற்றத்தோடு மாடு சோர்ந்தாலோ அன்றே வைத்தியம் வேண்டும்.

சினை முற்றிய பிறகு கன்று வீசி (கரு கலைந்து), கொடியும் தங்கினால் புரூசெல்லா நோயைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கிருமி கொடியில்தான் குவியும், மனிதருக்கும் தொற்றும். அப்படிப்பட்ட கொடியை வெறும் கையால் தொடாமல், வழக்கம்போல ஆலமரத்தில் கட்டாமல், சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் அரசுத் திட்டத்தில் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.