சேலத்தில் கொள்ளைநோய்க் கண்காட்சி: எதை எதோடு ஒப்பிடுவது?

கொள்ளைநோய்க் கண்காட்சி வைக்கும்போது, இன்ஃபுளூயன்சா வந்த 'சேலம் 1918', கொரோனா வந்த 'சேலம் 2020' என்று இரண்டு பலகைகளை அடுத்தடுத்து மாட்டி, கீழே இறப்பு எண்ணிக்கையை எழுதிவிட்டால் ஒப்பீடு முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டும் ஒரே சேலம் இல்லை. 1918-ல் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. நாமக்கல் தாலுகா 1910-ல் திருச்சிராப்பள்ளிக்குப் போய், பிறகு திரும்பி வந்தது. தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் தனி மாவட்டங்கள் ஆயின. 1871-ல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881-ல் 16 லட்சத்துக்கு இறங்கியதே, அது தாது வருடப் பஞ்சமும் காலராவும் சேர்ந்து செய்த வேலை. அந்த எண்ணும் பழைய பெரிய மாவட்டத்துடையது. ஆகவே அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படவேண்டியது நோய்ப் படம் அல்ல, எல்லை வரைபடம். எண்ணிக்கை போடுவதானால் ஆயிரம் பேருக்கு எத்தனை என்ற விகிதமாகப் போடுங்கள்.

இன்னொரு குழி, இறப்புக் காரணம். அன்று கிராமத்தில் இறப்பைப் பதிந்தவர் மருத்துவர் இல்லை, கிராம முன்சீப். காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல் என்று அவரிடம் இருந்தவை சில கட்டங்கள்தான். 1918-ன் இன்ஃபுளூயன்சா சாவுகளில் பெரும்பகுதி 'காய்ச்சல்' கட்டத்துக்குள் போய்விட்டது. அந்த வருடத்துக் காய்ச்சல் சாவுகளை முந்தைய ஐந்து வருடச் சராசரியோடு வைத்துப் பார்த்து, மிகுதியை மட்டும் காட்டுவதே நேர்மை. இதற்கான சுகாதார ஆண்டறிக்கைகளை சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம்.

சுவரில் என்ன செய்வது? மூன்று நீளப் பட்டைகள், மாதத்துக்கு 10 செ.மீ., மூன்று வருடத்துக்கு 3.6 மீட்டர். ஒவ்வொன்றும் அந்த நோய் இந்தியாவுக்குள் வந்த மாதத்தில் தொடங்கட்டும்: பிளேக் 1896 செப்டம்பர், பம்பாய், இன்ஃபுளூயன்சா 1918 ஜூன், பம்பாய், கொரோனா 2020 ஜனவரி, கேரளம். 1918 அக்டோபரின் கொடிய அலை அரை மீட்டரிலேயே வந்துவிடும். சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியுள்ள 500 படுக்கைகள் திறக்கப்பட்ட 2021 மே மாதம் 1.7 மீட்டரில் வரும். பெங்களூரில் பிளேக் தோன்றிய 1898 ஆகஸ்ட் 2.4 மீட்டரில். பிளேக் வருடா வருடம் திரும்பி வந்த நோய் என்பதால் அதன் பட்டையை மட்டும் சுவர் மூலையில் மடித்து அடுத்த சுவருக்குக் கொண்டுபோங்கள்.

தடுப்பூசிக்கு ஒரு சிவப்புப் புள்ளி. நுண்ணுயிரியலாளர் ஹாஃப்கின் உருவாக்கிய பிளேக் ஊசி 1897 ஜனவரியில், கொரோனா ஊசி 2021 ஜனவரி 16-ல். நடுப் பட்டையில் புள்ளியே இருக்காது. இன்ஃபுளூயன்சா வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்ததே 1933-ல்தான். இதே அளவில் அது 18 மீட்டர் தள்ளி. '1933' என்று எழுதிய சீட்டை அங்கே, வராந்தாவில் ஒட்டுங்கள். பத்துப் பலகை எழுத்து சொல்லாததை அந்த நடை சொல்லிவிடும்.

பொருள்களில் நன்றாக எடுபடும் ஜோடி, பிளேக் உள்ள ஊரிலிருந்து வந்தவர்களைக் கண்காணிக்க அன்றைய சென்னை மாகாணத்தில் கொடுத்த 'பிளேக் பாஸ்போர்ட்' சீட்டும் 2020-ன் இ-பாஸும். செப்டம்பர் 1-ல் மாவட்டங்களுக்கு இடையே இ-பாஸ் நீக்கப்பட்ட பிறகும் ஏற்காடு ஏற அது தேவைப்பட்டதையும் அருகே சொல்லுங்கள்.

கொரோனாப் பொருள்கள் புதியவை, கெடாது என்று நம்பவேண்டாம். டோக்கன், பரிசோதனைச் சீட்டு போன்ற வெப்பத்தாள் அச்சு சில வருடங்களில் வெளுத்துவிடும். கையில் வந்த அன்றே 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்துவிடுங்கள். நாலு மடங்கு பெரிதாக்கினாலும் 150 டிபிஐ நிற்கும், பலகைக்கு அது போதும். ஆக்சிமீட்டரில் பேட்டரியைக் கழற்றாவிட்டால் கசிந்து உள்ளே அரித்துவிடும். சானிடைசர் பாட்டிலைக் காலிசெய்துதான் வைக்கவேண்டும், அது எரியக்கூடியது. முகக்கவசத்தின் காது நாடா இற்றுப்போகும், அதனால் தொங்கவிடாமல் படுக்கவைக்கவும். தடுப்பூசிச் சான்றிதழில் பெயர், அடையாள எண், கியூஆர் மூன்றையும் மறைத்த நகலையே காட்டுங்கள்.

அசல் தாள்களுக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம். ஏற்காட்டில் வைப்பதானால் அசலை மலை ஏற்றவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் காகிதம் பூசணம் பிடிக்கும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய ஃபோம் போர்டு வளைந்துவிடும். இரு பக்கமும் தாள் ஒட்டினால் வளையாது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, விசைத்தறி, எஸ்டேட் ஆட்களின் பேச்சைப் பதிவுசெய்யும்போது ஒப்புதல் தாள் இரண்டு பிரதி: ஒன்று அவரிடம், ஒன்று நம்மிடம். பின்னால் எடுத்துவிடச் சொன்னால் எடுப்போம் என்ற வரி அதில் இருக்கட்டும். 'முதல் நோயாளி' என்று யாரையும் காட்டாதீர்கள். ஊர், மதம், நாடு சொல்லி நோயை ஒட்டவைப்பது பிளேக் காலத்திலும் நடந்தது, நம் காலத்திலும் நடந்தது. அதையே ஒரு பலகையாக வைக்கலாம், ஆனால் வசைச்சொற்களை மறுபடி அச்சடிக்காமல்.

பலகைக்கு 80 சொல் போதும். மையம் தரையிலிருந்து 145 செ.மீ.; பள்ளிப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் அதிகமென்றால் 125. அச்சகத்துக்கு யூனிகோடு கோப்பை அப்படியே அனுப்பினால் கொம்பும் காலும் இடம் மாறி 'கொரோனா' வேறெதுவோ ஆகிவிடும். எழுத்தை வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப்-ஆகக் கொடுங்கள், ஒரு பலகையை மட்டும் முழு அளவில் அச்சடித்து வாங்கி, வாசித்துப் பார்த்த பிறகு மற்றதற்கு ஆர்டர் சொல்லுங்கள்.