ப்ளீடிங்: ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை

ஹைட்ராலிக் ஹோஸை (அழுத்தமான எண்ணெய் ஓடும் குழாயை) மாற்றியதும் எக்ஸ்கவேட்டர் என்னும் மண் தோண்டும் இயந்திரத்தின் பூம் (தூக்கும் கை) நடுங்கி நடுங்கி ஏறுகிறது, பம்ப் ஊளையிடுகிறது என்றால், அனுபவப்பட்ட மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி: "ப்ளீட் பண்ணியாச்சா?" அதாவது, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியாச்சா என்று.

ஆங்கிலத்தில் 'ப்ளீட்' (bleed) என்ற சொல்லும் இரத்தத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. இரத்தம் சிந்துதல் என்பதே முதல் பொருள். நாளத்தைக் கீறி இரத்தத்தை வெளியே விடும் பழைய வைத்தியத்துக்கும் அதுவே பெயர். உள்ளே அடைபட்டதைச் சிறு திறப்பு வழியாக வெளியே விடுதல் என்ற பொருளில் இயந்திரங்களுக்கும் வந்து சேர்ந்தது.

அந்த வைத்தியத்தைச் சித்த மருத்துவம் 'குருதி வாங்கல்' என்கிறது. அதே அச்சில் 'காற்று வாங்கல்' என்று சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் தமிழில் காற்று வாங்குவது என்றால் சுகமாக உள்ளே இழுப்பது, திசை தலைகீழாகிவிடும். பட்டறைப் பேச்சில் வரும் 'ஏர் எடுக்கிறது' என்பதிலும் இதே சிக்கல்தான். 'ஏர் எடுக்கணும்' என்றால் வெளியேற்ற வேண்டும். 'பம்ப் ஏர் எடுக்குது' என்றால் காற்று உள்ளே நுழைகிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. ஹோஸைக் கழற்றும் முன்பும் ப்ளீட், மாட்டிய பின்பும் ப்ளீட். இரண்டும் ஒன்றல்ல.

முன்னது அழுத்தத்தைப் பற்றியது. பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லைனிலும் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டரிலும் தேங்கிய அழுத்தத்தைப் போக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் ஊசித்துளை அளவு இடைவெளியில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். காயம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். கசிவை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது.

பின்னது காற்றைப் பற்றியது. எண்ணெய் அநேகமாகச் சுருங்காது, காற்று சுருங்கும். லீவரைத் தள்ளினால் முதலில் காற்று நசுங்கி, அப்புறம்தான் சிலிண்டர் நகரும். உயர் அழுத்தத்தில் சட்டென்று நசுங்கும் குமிழ், டீசல் எஞ்சினுக்குள் நடப்பதுபோலச் சூடேறி எண்ணெயைக் கருக்கும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தையும் கெடுக்கும். இத்தனைக்கும் சாதாரண நிலையில் கனிம எண்ணெயில் கன அளவில் சுமார் 9 சதவீதம் காற்று கரைந்தேதான் இருக்கிறது. அது தொல்லை தராது; குமிழாகத் திரிவதுதான் தரும்.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் எதையும் 'சிந்த' வேண்டியதில்லை. டேங்கில் எண்ணெய் மட்டம் சரியாக இருக்க, எஞ்சினை ஐடிலில் விட்டு, சுமை இல்லாமல், சிலிண்டரை முனைவரை முட்டவிடாமல் பல தடவை மெதுவாக நீட்டி மடக்கினால் காற்று எண்ணெயோடு டேங்குக்குத் திரும்பிப் பிரிந்துவிடும். பிறகு மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும். பிஸ்டன் பம்பின் எண்ணெய் வடிந்திருந்தால், அதன் கூட்டை எண்ணெயால் நிரப்பாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ஆகவே தமிழில் இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் கருத்து: முன்னதுக்கு 'அழுத்தம் இறக்கல்', பின்னதுக்கு 'காற்று நீக்கல்'. ப்ளீட் ஸ்க்ரூவைக் 'காற்றுநீக்குத் திருகு' எனலாம். 'கசிவு' வேண்டாம், அது லீக்குக்கு உரியது. 'இரத்தப்போக்கு' என்ற நேரடி மொழிபெயர்ப்போ, படிப்பவரைத் தவிக்க விடும். கையேட்டில் இப்படி எழுதினால் யாருக்கும் புரியும்: "அழுத்தம் இறக்கிய பிறகே ஹோஸைக் கழற்றவும். புதியதை மாட்டியதும் காற்று நீக்கவும்."