மருந்துப்போலி

"உங்களுக்குப் போலி மருந்து கொடுக்கப்படலாம்." புது மருந்தின் ஆய்வில் சேர முன்வரும் நோயாளியிடம் நீட்டும் ஒப்புதல் படிவத்தில் இப்படி ஒரு வரி. படித்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் போலி மருந்து என்றால் கள்ள மருந்து. சோதனை போட்டுப் பறிமுதல் செய்கிறார்களே, அது. படிவம் சொல்ல வந்தது ஆங்கிலத்தில் பிளாசிபோ எனப்படுவதை: மருந்து போலவே இருக்கும், ஆனால் நோயைக் குணமாக்கும் பொருள் அதில் இல்லை. அது கள்ள மருந்தல்ல.

பிளாசிபோ இலத்தீன் சொல். 'மகிழ்விப்பேன்' என்று பொருள். இறந்தோருக்கான திருச்சபை வழிபாட்டிலிருந்து வந்தது. நோயாளிக்குப் பயன் தருவதைவிட அவரை மகிழ்விக்கவே கொடுக்கும் மருந்து என்று 1811இல் ஹூப்பரின் மருத்துவ அகராதி விளக்கியது. இதைப் பிடித்துக்கொண்டு 'ஆறுதல் மருந்து' என்பாரும் உண்டு. ஆய்வில் யாருக்கும் ஆறுதலுக்காக இதைக் கொடுப்பதில்லை. ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொரு குழுவுக்கு இதுவும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கொடுக்கிறார்கள். வேர்ச்சொல்லை மொழிபெயர்ப்பது வேறு, பொருளை மொழிபெயர்ப்பது வேறு.

மருந்துப்போலி என்பதே சரி. போலி முன்னால் நின்றால் வசை: போலிச் சாமியார், போலிப் பத்திரம். பின்னால் நின்றால் ஒப்புமை. பந்தல், பந்தர் ஆவதைக் கடைப்போலி என்கிறது இலக்கணம். அங்கே உரு மாறியும் பொருள் மாறுவதில்லை; இங்கே உரு மாறாமல் உள்ளிருப்பது மாறுகிறது. இரண்டிலும் மோசடி இல்லை. 'வெற்று மாத்திரை' எளிய சொல்தான், ஆனால் மருந்துப்போலி ஊசியாகவும் களிம்பாகவும் வருமே!

அளவு, நிறம், சுவை எல்லாம் அசல் மாத்திரை போலவே இருக்கும். உள்ளே பெரும்பாலும் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை அல்லது செல்லுலோஸ் மாவு. ஊசி என்றால் பெரும்பாலும் உப்புநீர். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புட்டியில் குறியீட்டு எண் மட்டும் இருக்கும். யாருக்கு எது என்று முடிவு செய்வது குலுக்கல் முறை, மருத்துவர் அல்ல. இரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் இரு குழுவுக்கும் ஒன்றே. ஆபத்து நேர்ந்தால் அந்த எண்ணுக்குரியது மருந்தா மருந்துப்போலியா என்று பார்த்துவிடலாம். வழக்கமான சிகிச்சை தொடருமா, அதற்குமேல்தான் இது சேருமா என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டே ஆக வேண்டும்.

இதே படிவங்களில்தான் 'இரட்டைக் குருட்டு ஆய்வு', 'சிகிச்சைக் கை' என்றெல்லாம் வருகிறது. ஆங்கிலத்தில் கை என்றிருந்தால் தமிழிலும் கையா? குழு என்றால் போதாதா? 'இரட்டைக் குருட்டு' என்பதற்குப் பதில், யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது என்று எழுத என்ன தடை? படிப்பவர் தன் உடம்பை ஒப்படைக்கப்போகிறவர் என்ற நினைப்பு மொழிபெயர்ப்பவருக்கு வேண்டும்.

அந்த வரியை இப்படி எழுதலாம்: "உங்களுக்கு ஆய்வு மருந்தோ மருந்துப்போலியோ கிடைக்கும். மருந்துப்போலி பார்ப்பதற்கு மருந்து போலவே இருக்கும். அதில் நோயைக் குணமாக்கும் பொருள் இல்லை. எது கிடைத்தது என்பது உங்களுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்."