சில்லுக்கு ஸ்பேசர் போடலாமா? சட்டம் கேட்பதும் வன்னி வீதி கேட்பதும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் வரியைக் கூட்டிப் பார்த்தால் புதிய ஸ்போர்ட்ஸ் கார் நம்மில் பெரும்பாலானோருக்கு எட்டாத சங்கதி. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இந்த ஆசை உள்ளவர் வாங்குவது அநேகமாகக் கைமாறி வந்த ஜப்பான் வண்டியாகத்தான் இருக்கும். மஸ்டா ஆர்எக்ஸ்-8, டொயோட்டா செலிக்கா, லான்சர், சிவிக் என்று அவரவர் வசதிக்கேற்ப ஒன்று. வாங்கியதும் கண்ணை உறுத்துவது சில்லு. மட்காட்டுக்குள் அமுங்கிக் கிடக்கிறது, கொஞ்சம் வெளியே வந்தால் வண்டி அகன்று நிற்கும் என்று தோன்றும். ஜெர்மனியிலிருக்கும் சித்தப்பாவும் அடுத்த பொதியில் ஸ்பேசர் போட்டுவிடுகிறேன் என்கிறார். போடலாமா, கூடாதா?

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் (சில்லு பூட்டப்படும் அச்சின் முனைப் பகுதி) சில்லுக்கும் நடுவே வைக்கும் உலோக வட்டு. அதன் தடிப்பு எவ்வளவோ அவ்வளவுக்குச் சில்லு வெளியே தள்ளப்படும். இரண்டு பக்கமும் 15 மில்லிமீற்றர் போட்டால் அந்த அச்சில் சில்லுகளுக்கிடையிலான அகலம் 30 மில்லிமீற்றர் கூடும். அலோய் சில்லின் உட்பக்கத்தில் ‘ஈடி 45’ என்று பொறித்திருந்தால் (சில்லின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பதியும் முகம் 45 மில்லிமீற்றர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பது பொருள்), அது இனி ஈடி 30 சில்லு போலவே நிற்கும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் வாகனங்களுக்கான அடிப்படைச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம். அதன்கீழ் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் தரும் பதிவுச் சான்றிதழை, நாம் ‘வாகனப் புத்தகம்’ என்று சொல்வதை, எடுத்து ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம் ஆகியவற்றோடு முன் ரயர், பின் ரயர் அளவுகளும் வண்டியின் நீளம், அகலம், உயரமும் அதில் இருக்கும். ஸ்பேசருக்கென்று ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததையே அனுமதி என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது தப்புக்கணக்கு. பதிவில் எழுதியிருக்கும் விவரம் ஏதாவது மாறும்படி வண்டியில் கைவைத்தால், ஆணையாளர் நாயகத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு. வீதியில் ஓடும் வண்டி ஓடத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கும் அவர்தான் பொறுப்பு.

இதை ஸ்பேசருக்குப் பொருத்தினால் எனக்குப் படுவது இதுதான். மட்காட்டின் விளிம்புக்குள் ரயர் அடங்கி நின்றால் புத்தகத்தில் உள்ள அகலம் மாறுவதில்லை. ரயர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் அந்த அகலம் பொய்யாகிவிடும். முதலாவது நிலையில் வாதாட இடமிருக்கிறது, இரண்டாவதில் இல்லை. வாதாடும் நிலைக்கே போகாமல் இருக்க விரும்புபவர் பொருத்துவதற்கு முன்பே ஸ்பேசரின் தயாரிப்பு, தடிப்பு, எந்த அச்சுக்கு என்ற விவரங்களோடு திணைக்களத்துக்கு எழுதிக் கேட்டு, மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் வண்டியைக் காட்டி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘அதெல்லாம் பிரச்சினை இல்லைத் தம்பி’ என்று யாரோ வாய்வழியாகச் சொன்னது பிறகு எந்த மேசையிலும் செல்லாது.

இன்னொரு பொய் ஆறுதல் உண்டு. ‘ஒவ்வொரு வருடமும் லைசன்ஸ் எடுக்கிறேன், யாரும் எதுவும் சொல்லவில்லையே’ என்பார்கள். பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது காப்புறுதிச் சான்றிதழையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் பார்க்கிறார்கள். புகைப் பரிசோதனை புகையை மட்டும் அளக்கிறது. தனியார் காரின் சில்லைக் கழற்றிப் பார்க்கும் வருடாந்தச் சோதனை எதுவும் இந்தப் பாதையில் இல்லை. ஆகையால் கண்ணாடியில் ஒட்டிய அந்தச் சிறு கடதாசி உங்கள் ஸ்பேசரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

வீதியில் நிலைமை வேறு. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தையொட்டி, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் கூடுதலாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கியது நினைவிருக்கும். கண்ணுக்குத் தெரியும் மாற்றம்தான் முதலில் மாட்டும். மட்காட்டைத் தாண்டி நிற்கும் ரயரை ஓமந்தையில் நிற்கும் பொலிஸ்காரர் ஐம்பது அடி தூரத்திலேயே கண்டுவிடுவார்.

உண்மையான சோதனை விபத்துக்குப் பிறகுதான். ஆளுக்குக் காயம் என்றால் வண்டி பொலிஸ் நிலையத்துக்குப் போகும். அங்கே மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பிரேக், ஸ்டியரிங், சில்லு என்று பார்த்து அறிக்கை எழுதுவார். ‘சில்லில் தயாரிப்பாளர் பொருத்தாத பாகம்’ என்ற ஒரு வரி அந்த அறிக்கையில் ஏறினால், வழக்கிலும் காப்புறுதியிலும் அதற்குப் பதில் சொல்வது நீங்கள்தான். முழுக் காப்புறுதி எடுத்தவர் வண்டியில் செய்த முக்கிய மாற்றங்களைக் கம்பனிக்கு மறைக்கக் கூடாது என்பது காப்புறுதியின் அடிப்படை விதி. பொருத்துவதற்கு முன் ஒரு கடிதம் எழுதி, அவர்கள் தரும் பதிலைக் காப்புறுதிப் பத்திரத்தோடு இணைத்து வையுங்கள். அவர்கள் மறுத்தாலும் நல்லதுதான், முடிவு சுலபமாகிவிடும்.

சித்தப்பாவின் பொதிக்கு வருவோம். ஜெர்மனியில் ஸ்பேசரை வாங்கிப் பூட்டிவிட்டு ஓடிவிட முடியாது. இன்ன காருக்கு, இன்ன சில்லோடு, இன்ன தடிப்பு என்று எழுதிய சான்று பாகத்தோடு வரும். பெரும்பாலும் அதை வைத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்தில் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் கடதாசி ஜெர்மன் சட்டத்துக்காக எழுதப்பட்டது, இங்கே அனுமதியாகாது. ஆனாலும் பாகம் சோதிக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி. பொதியில் ஸ்பேசரோடு அதையும் வைக்கச் சொல்லுங்கள். அவுஸ்திரேலியா இன்னும் கண்டிப்பு. அங்குள்ள மாற்றங்களுக்கான தேசியக் கையேடு, தயாரிப்பாளரே பொருத்தி அனுப்பியிருந்தாலொழிய ஸ்பேசர் கூடாது என்கிறது. ஜப்பான் விதியோ நமக்கு மிகவும் உபயோகமானது, ஏனென்றால் நம் வண்டிகள் பிறந்த ஊர் அது. சில்லின் நடுவிலிருந்து நேர்மேலே ஒரு கோடு இழுத்தால், அதற்கு முன்னே 30 பாகை, பின்னே 50 பாகை வரையுள்ள பகுதியில் சில்லு மட்காட்டுக்கு வெளியே தெரியக் கூடாது என்பது அங்குள்ள கணக்கு. 2017 இல் ரயருக்கு மட்டும் 10 மில்லிமீற்றருக்குக் குறைவான நீட்சிக்கு இடம் கொடுத்தார்கள். இங்கே அது சட்டமல்ல, நல்ல அளவுகோல்.

அளப்பதற்குக் கருவி தேவையில்லை. கொத்தனார் சுவர் பார்ப்பதுபோல, மட்காட்டின் விளிம்பில் ஒரு நூலை ஒட்டி, நுனியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் ஆடி நின்றதும் அதற்கும் ரயரின் வெளிப் பக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 18 மில்லிமீற்றர் இருந்தால் 20 மில்லிமீற்றர் ஸ்பேசர் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். முன் சில்லை இருபுறமும் முழுதாகத் திருப்பியும், பின் இருக்கையில் இரண்டு பேரை ஏற்றியும் பார்க்க வேண்டும். சும்மா நிற்கும்போது உரசாத ரயர் குழியில் விழும்போது உரசும்.

ஸ்பேசருக்கு நியாயமான தேவையும் உண்டு. பெரிய பிரேக் பூட்டியதால் சில்லு பிரேக் கலிப்பரில் முட்டுகிறது, அல்லது வேறு வண்டியின் அலோய் சில்லு சஸ்பென்ஷனோடு உரசுகிறது என்றால் சில மில்லிமீற்றர் தேவைப்படலாம். அதுவும் இல்லாமல் தோற்றத்துக்காக மட்டும் என்றால் என் வாக்கு ‘வேண்டாம்’ என்பதே. அதே பணத்துக்குச் சரியான ஈடி உள்ள சில்லைத் தேடிப்பிடித்தால் இடையில் ஒரு பாகம் கூடுதலாக வராது. தோற்றம் கிடைக்கும், தூக்கமும் கெடாது. ‘அகலம் கூடினால் வளைவில் வண்டி ஒட்டி ஓடும்’ என்பது பந்தயத் திடலில் ஓரளவு உண்மை. நகருக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற வரம்புள்ள நாட்டில், அதுவும் மாங்குளத்திலிருந்து பரந்தன் வரை பெரும்பாலும் நேராகப் போகும் ஏ-9 வீதியில், அந்த வளைவை எங்கே தேடுவது?

விலையாகக் கொடுப்பது என்ன என்றால், சில்லு வெளியே போகப் போக பெயாரிங்மேல் விழும் சுமையின் நெம்பு கூடுகிறது. முன் சில்லு என்றால் ஸ்டியரிங்கின் குணமும் மாறும். பள்ளத்தில் ஒரு சில்லு இறங்கும்போது கையை வெடுக்கென்று இழுக்கும். முல்லைத்தீவுப் பக்கம் உட்கிராமங்களில் மழைக்குப் பின் கிரவல் வீதி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெளியே நீட்டிய ரயர் அந்தக் கல்லைக் கதவில் அடிக்கும், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்திலும் அடிக்கும். இரவில் மாடு படுத்திருக்கும் வீதியில் திடீரென்று வெட்டித் திருப்பும்போது ஸ்டியரிங் பழக்கப்பட்டபடி நடந்துகொள்வதுதான் உயிர் காக்கும். ஆனையிறவு, பூநகரி, மன்னார்ப் பக்கம் ஓடுபவருக்கு உப்புக்காற்று வேறு. அலுமினிய ஸ்பேசரும் இரும்பு ஹப்பும் ஒட்டிக்கொண்டு அரித்துப்போய், ஒருநாள் கழற்றவே மாட்டாது அடம்பிடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் போடுவதென்றால், மலிவில் இறங்கக் கூடாத இடம் இது. நடுத்துளை உங்கள் ஹப்பில் இறுக்கமாக அமர வேண்டும். ஐந்து ஸ்டட் (சில்லைப் பூட்டும் புரியுள்ள தண்டு) 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்த டொயோட்டாவுக்குப் பொதுவாக 60.1, ஹொண்டாவுக்கு 64.1, மஸ்டாவுக்கும் மிட்சுபிஷிக்கும் 67.1 மில்லிமீற்றர். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று விற்கும் ஸ்பேசரின் துளை அகலமாக இருக்கும். சில்லு நடுவில் அமராமல் 80 கிலோமீற்றரில் ஸ்டியரிங் நடுங்கும், சுமை முழுவதையும் ஸ்டட் வாங்கும்.

மெல்லிய வகைக்குத் தனிப் போல்ட் கிடையாது. பழைய ஸ்டட்டிலேயே மாட்டி நட்டை இறுக்குவார்கள். 5 மில்லிமீற்றர் வட்டு வைத்தால் நட்டு பிடிக்கும் புரி 5 மில்லிமீற்றர் குறைகிறது. ஸ்டட்டின் விட்டமளவு நீளத்துக்காவது நட்டு புரியில் ஏற வேண்டும் என்பது பொது விதி. 12 மில்லிமீற்றர் ஸ்டட், புரிக்குப் புரி 1.5 மில்லிமீற்றர் என்றால் எட்டு முழுச் சுற்று. நட்டைக் கையால் பூட்டி எண்ணுங்கள். புரி பிடித்த இடத்திலிருந்து இறுகும் வரை ஆறு சுற்றுத்தான் வருகிறதென்றால் நீளமான ஸ்டட் மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. தடித்த வகை முதலில் ஹப்பில் தனியாகப் பூட்டப்படும், சில்லு அதன் சொந்த ஸ்டட்டில் ஏறும். அதில் ஹப்பின் பழைய ஸ்டட் வட்டைவிட நீளமாக வெளியே துருத்தினால், சில்லின் பின்புறத்தில் அதற்குப் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சில்லு தட்டையாக அமராது.

ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் உரசி எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். ரயர்க் கடைக் காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று அடித்து முடிப்பது இங்கே செல்லாது. டோர்க் ரென்ச் எனப்படும் அளவுச் சாவியால், குறுக்கு மறுக்காக, உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். டொயோட்டா, ஹொண்டா கார்களுக்குப் பொதுவாக அது 100 நியூட்டன் மீற்றரைச் சற்றே தாண்டும். ஸ்பேசருக்கென்று தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். முதல் 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மீண்டும் சரிபார்க்க வேண்டும். தனியாகப் பூட்டிய வகையென்றால் சில்லைக் கழற்றி உள்ளேயிருக்கும் நட்டுகளையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் தடவையைத்தான் கராஜிலும் வீட்டிலும் தட்டிக்கழிக்கிறார்கள், சில்லு கழன்று ஓடுவதும் இதனால்தான்.

வாங்கிய பற்றுச்சீட்டு, பாகத்தின் சான்று, திணைக்களத்தின் பதில், காப்புறுதிக் கம்பனியின் பதில் நான்கும் ஒரே உறையில் இருக்கட்டும்; பிரதி ஒன்று காரில் இருக்கட்டும். பிறகு வண்டியை விற்பதானால் ஸ்பேசர் போட்டிருப்பதை வாங்குபவரிடம் சொல்லி, கழற்றி வைத்த பழைய நட்டுகளையும் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் ரயர் மாற்றப் போகும் கடையில் அது தெரிந்திருக்க வேண்டும்.