பத்தாவது மாடியிலிருந்து இரண்டரை நொடி

பத்தாவது மாடிச் சாரத்தில் வேலை செய்பவரின் கையிலிருந்து அரைக் கிலோ சுத்தியல் நழுவுகிறது. ஏறக்குறைய 30 மீட்டர் உயரம். தரைக்கு வர அதற்கு இரண்டரை நொடி போதும். வந்து சேரும்போது வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். மேலே இருப்பவர் சுதாரித்துக் கத்துவதற்குள் பாதி நேரம் போய்விடும். சத்தம் கேட்டவர் அண்ணாந்து பார்ப்பார், அது அதைவிட ஆபத்து.

தலைக்கவசம் இருக்கிறதே என்று தோன்றும். ஒரு கிலோ பொருள் ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் 9.8 ஜூல் ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் நம் சுத்தியல் 147 ஜூலோடு வருகிறது. ஐரோப்பியத் தர விதிப்படி, தொழிலகத் தலைக்கவசத்தின் மேல் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கிறார்கள். அது 49 ஜூல்தான். வெறும் 10 மீட்டர் விழுந்தாலே சுத்தியல் அந்த அளவை எட்டிவிடும்.

அதற்காகக் கவசத்தைக் கழற்றிவிடக் கூடாது. அதைத் திருப்பிப் பாருங்கள்: உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வார்கள், அவற்றுக்கும் ஓட்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி. அடி விழுந்ததும் வார்கள் இழுபட்டு, அந்த இடைவெளி முழுக்க அடியைத் தாமதப்படுத்துகின்றன. நிற்கும் தூரம் கூடக் கூட, தலையில் இறங்கும் விசை குறையும். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கையில் கையைப் பின்னுக்கு இழுக்கிறோமே, அதே வித்தை. பாதுகாப்பு வலையைத் தொய்வாகக் கட்டுவதும் இதற்காகத்தான். விறைப்பாக இழுத்துக் கட்டிய வலை கிழியும், இல்லையென்றால் பொருளைத் துள்ளவைத்து வெளியே எறியும்.

விழும் பொருள் நேராகவே வரும் என்றும் நம்ப முடியாது. சாரக் குழாயில் பட்டால் பக்கவாட்டில் தெறிக்கும். அதனால் கீழே தடுப்பு கட்டும்போது கட்டடத்தை ஒட்டிக் கட்டாமல் தாராளமாகத் தள்ளிக் கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், உண்மையான காவல் மேலேதான். சாரப் பலகையின் விளிம்பில் செங்குத்தாக நிற்கும் 15 சென்டிமீட்டர் தடுப்புப் பலகை, உருண்டு வரும் போல்ட்டை அங்கேயே நிறுத்திவிடும். சுத்தியலை ஒரு குட்டைக் கயிற்றால் இடுப்புப் பட்டையோடு கட்டினால் நழுவினாலும் தொங்கும். கனமான கருவியென்றால் கயிறு ஆளோடு சேரக் கூடாது, கட்டடத்தோடு சேர வேண்டும். இல்லாவிட்டால் அது ஆளையே இழுத்துவிடும்.

வீடுகளிலும் இதே கணக்குதான். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவர் சுமார் 10 மீட்டர் உயரம். அதன்மேல் நிற்கும் 2 கிலோ பூந்தொட்டி விழுந்தால் 196 ஜூல், பத்தாம் மாடிச் சுத்தியலைவிட அதிகம். தண்ணீர் ஊற்றிய பிறகு இன்னும் கூடும். அதன் இடம் சுவருக்கு உட்புறம், தரையில்.