பாம்பு கடித்தால் கயிறு கட்டலாமா?

கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டினால் விஷம் ஏறாது என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். துண்டு, சணல், அரைஞாண் கயிறு என்று கையில் அகப்பட்டதை எடுத்து யாராவது கட்டிவிடுவார்கள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் பிழைத்திருக்க வேண்டிய காலைப் பறிப்பது பல சமயம் அந்தக் கட்டுதான்.

பாம்பு விஷம் பெரும்பாலும் புரதங்களின் கலவை. அதிலுள்ள பெரிய மூலக்கூறுகளால் ரத்தக்குழாய்க்குள் நேரடியாக நுழைய முடியாது. தோலுக்கடியில் தேங்கி, நிணநீர் என்கிற நிறமில்லாத திரவம் ஓடும் குழாய்கள் வழியாக மெல்ல மேலேறி, அப்புறம்தான் ரத்தத்தில் கலக்கும். நிணநீர் நகர்வது பெரும்பாலும் பக்கத்துத் தசைகள் சுருங்கி விரிவதால்தான். கடிபட்ட காலோடு ஓடினால் நாமே விஷத்தை மேலே ஏற்றிவிடுகிறோம். காலை ஆடாமல் வைத்தால் அது மெதுவாகத்தான் போகும். அதனால்தான் எலும்பு முறிந்தால் செய்வதுபோல ஒரு பலகையோ நேரான கம்போ வைத்து, துணியால் தளர்வாகச் சுற்றி, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிப் போகச் சொல்கிறார்கள்.

இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது. சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். விரியன் விஷம் தசையை அழிக்கக்கூடியது. அதை ஓரிடத்திலேயே அடைத்து வைத்தால் அழிவு இன்னும் மோசமாகும். கட்டை அவிழ்க்கும் நொடியில் தேங்கியதெல்லாம் மொத்தமாக உடம்புக்குள் பாயும் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்க வேண்டாம். மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு மருத்துவர் அவிழ்க்கட்டும்.

பிளேடால் கீறி உறிஞ்சுவது அதைவிடத் தப்பு. உறிஞ்சி வெளியே வரும் விஷம் ஒன்றுமில்லை என்கிற அளவுதான். விரியன் கடித்தவருக்கோ ரத்தம் உறையாமல் போகலாம். கீறிய இடம் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இந்தியாவில் உயிரைப் பறிக்கும் கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளுடையவை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் இரண்டும் நரம்பைத் தாக்கும். பின்னிரண்டும் ரத்தத்தைத் தாக்கும். நான் வெறுமனே விரியன் என்று சொல்வது இந்தப் பின்னிரண்டைத்தான், கட்டுவிரியனை அல்ல.

இதில் கட்டுவிரியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றிவிடும் பாம்பு அது. இரவில் நடமாடும், தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல் சின்னது. வீக்கம் இருக்காது, வலியும் பெரும்பாலும் இருக்காது. பலர் கடி விழுந்தது தெரியாமலே தூங்கிவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுவார்கள். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். சற்று நேரத்தில் கண் இமை தானாக இறங்கும். அப்புறம் பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். இத்தனையிலும் நினைவு தப்பாமல் இருக்கலாம். அசைவில்லாமல் கிடப்பவருக்கு நாம் பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும் நுனியையே இந்த விஷம் சிதைக்கிறது. சிதைந்த நுனியை விஷமுறிவு மருந்தால் சரிசெய்ய முடியாது. அது மறுபடி வளரப் பல நாள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர் மூச்சு கொடுத்தால் ஆள் முழுதாகப் பிழைத்து எழலாம். நல்ல பாம்பின் விஷம் வேறு மாதிரி. அது தசைப் பக்கத்தில் செய்தி வாங்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பை மருந்தால் நீக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் வழியிலேயே மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போங்கள். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்வரை அந்த மூச்சு ஆளைக் காப்பாற்றும்.

விரியன்களின் விஷம் முதலில் ரத்தத்தை உறைய வைக்கத்தான் தூண்டுகிறது. உடம்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத உறைவுகள் உண்டாகி, உறைவதற்கு வேண்டிய பொருட்கள் எல்லாம் தீர்ந்துபோகின்றன. அதற்கப்புறம் ரத்தம் தண்ணீராக ஓடுகிறது. ஈறில் கசியும், சிறுநீரில் கலக்கும். கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகமும் கெடலாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. 2 மில்லி ரத்தத்தை ஈரமில்லாத கண்ணாடிச் சோதனைக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஒழுகினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது, ஏனென்றால் ரத்தம் உறையத் தொடங்குவது கண்ணாடிப் பரப்பின் தூண்டுதலால்தான்.

விஷமுறிவு மருந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தில்தான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் அதுதான் மருந்து. நான்கு பாம்புக்கும் ஒரே மருந்து. அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபட்டதுதான் மிச்சமாகும். இன்னொன்று, குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லையே.

சிறியாநங்கை இலை கசக்கிறதா என்று பார்ப்பது, மந்திரிப்பது, பச்சிலை கட்டுவது எல்லாம் ஏன் பலித்ததுபோல் தெரிகிறது? நம்மைச் சுற்றியுள்ள பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அப்படிப் பிழைத்தவர்களின் பெருமை வைத்தியருக்குப் போய்விடுகிறது. உண்மையிலேயே விஷம் ஏறியவருக்கு அங்கே போகும் ஒரு மணி நேரம் உயிர் விலை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மருந்து இருக்கும் நாட்டில் இத்தனை சாவு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, கடித்துவிட்டால்? மோதிரம், கொலுசு, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் வீங்கும் முன்பே கழற்றுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு அங்கேயும் நேரம் எழுதினால் மருத்துவருக்குப் பெரிய உதவி. வாந்தி வந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் விஷமுறிவு மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, வென்டிலேட்டர் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள். ராத்திரி வெளியே போனால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியனைத் தடுக்க அவ்வளவு போதும்.