ரையனோடின் ஏற்பி

குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொண்டு செயல்படும் புரதமான ‘ரிசப்டர்’ என்பதற்குத் தமிழில் நிலைபெற்றுவிட்ட ‘ஏற்பி’, ‘ஏல்’ என்னும் வினையடியில் பிறந்து, கடத்தி, தூண்டி என்பவற்றைப் போல இகர ஈறு பெற்ற சொல். இலத்தீன் மூலத்துக்கும் ‘பெறுபவர்’ என்பதே பொருள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக் அதனை அறிவியல் வழக்கில் சேர்த்தார்.

ஏற்பி என்றதும் உயிரணுவின் மேற்புறமே பலர் நினைவுக்கு வரும். ரையனோடின் ஏற்பியோ உள்ளே, கால்சியத்தைச் சேமித்துவைக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வில் இருக்கிறது; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5,000 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு புரதக்கூறுகள் இணைந்த பேருருவான கால்வாய் அது. திறந்தால் வலையிலுள்ள கால்சியம் உயிரணுவின் உள்நீர்மத்தில் பாய்கிறது, தசை சுருங்குகிறது.

ரையனோடின் நம் உடலில் சுரப்பதன்று. டிரினிடாடிலும் தென் அமெரிக்காவிலும் வளரும் ரையானியா என்னும் செடியின் நஞ்சான அது 1948இல் தனித்துப் பிரிக்கப்பட்டது. அச்செடியின் தூள் பூச்சிக்கொல்லியாகப் பயன்பட்டது. 1980களில் இக்கால்வாய்ப் புரதத்தை அடையாளங்கண்டு பிரித்தெடுக்க, அந்நஞ்சு அதனை இறுகப் பற்றும் இயல்பே கைகொடுத்ததால், பற்றும் பொருளின் பெயரே பற்றப்படுவதற்கும் ஆயிற்று. (இன்று நெல்லின் தண்டுத்துளைப்பானுக்கு எதிராகத் தெளிக்கும் குளோரான்ட்ரனிலிபுரோலும் பூச்சியின் இதே ஏற்பியைத்தான் குறிவைக்கிறது.)

பாலூட்டிகளில் இதற்கு மூன்று வகைகள் உண்டு. எலும்புத்தசையில் மிகுந்திருக்கும் முதல் வகை, தசைச் சவ்வின் மின்னழுத்த உணரியோடு நேரடியாகத் தொடர்புகொண்டு திறக்கிறது. இதன் மரபணு பழுதுபட்டவர்களுக்குச் சில மயக்கவாயுக்கள் உடல்வெப்பத்தை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ஏற்றிவிடக்கூடும், அதற்கு மருந்து டான்ட்ரோலீன். இதயத்துக்குரிய இரண்டாம் வகை, வெளியிலிருந்து நுழையும் சிறிதளவு கால்சியத்தாலேயே திறக்கிறது. இது பழுதுபட்டால் கடும் உழைப்பின்போதோ பதற்றத்தின்போதோ இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். மூன்றாம் வகை, உதரவிதானம், மூளை எனப் பல திசுக்களில் குறைந்த அளவில் பரவியிருக்கிறது.

இவற்றை முறையே எலும்புத்தசை வகை, இதய வகை, மூளை வகை என்று அழைத்த பழைய வழக்கைத் தமிழில் அப்படியே பெயர்ப்பது பொருந்தாது. மூளையில் பெருமளவில் காணப்படுவது ‘இதய வகை’ எனப்பட்ட இரண்டாவதே. சிறுமூளையின் புர்கின்ஜி உயிரணுக்களில் முதல் வகையும் உண்டு. எனவே ரையனோடின் ஏற்பி-1, 2, 3 என எண்ணிட்டு எழுதுவதே சரி. ‘உயிரணு அக ஏற்பி’ என்று மட்டும் எழுதினால் ஸ்டீராய்டு ஹார்மோன்களை ஏற்கும் புரதங்களும் அதனுள் அடங்கிவிடும். செயலைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘கால்சியம் விடுவிப்புக் கால்வாய்’ என்பதை உடன் சேர்க்கலாம்.